பொங்கலும் தீபாவளியும் பள்ளி நாட்காட்டியும்: அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க அரசுப் பள்ளிகளுக்கு நாடு முழுவதற்குமான விடுமுறைப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் நாட்காட்டியைத் தானே வகுத்துக்கொள்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையிலும் சதய விழாவுக்குத் தஞ்சாவூரிலும் மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே கூட்டரசு விடுமுறைகளையும் மாநிலச் சட்டம் விதிக்கும் சில நாள்களையும் தவிர்த்தால், ஏனையவை பெரும்பாலும் அப்படிப்பட்ட உள்ளூர் விடுமுறைகள்தான். முடிவெடுப்பவர் ஆட்சியரல்லர் என்பதே வேறுபாடு. பெரும்பாலான ஊர்களில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஐந்து முதல் ஒன்பது பேர் கொண்ட கல்வி வாரியம் மாலைக் கூட்டமொன்றில் கைதூக்கி இதை முடிவு செய்கிறது. ஆகவே தீபாவளிக்கு விடுமுறை உண்டா என்ற கேள்விக்கு வாஷிங்டனில் விடை தேட வேண்டியதில்லை. உங்கள் ஊர் நூலகத்திலிருந்து பத்து நிமிடத் தொலைவில் நடக்கும் அந்தக் கூட்டத்தில்தான் விடை இருக்கிறது.

இந்த வழிகாட்டியை விடுப்புக் கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். அதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்' என்று எழுதிப் பழகிய கையோடு இங்கு வந்தவர்கள். பண்டிகைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தினாலும் பள்ளிக்கு உடல்நலமில்லை என்று எழுதிவிடுகிறோம். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன். மூன்றாம் ஆண்டு என் மகளுக்குத் தீபாவளியன்று கணக்குத் தேர்வு இருந்தது. அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்தியவள், அதை மாற்றிக்கொண்டு ஏழரை மணிப் பேருந்தில் ஏறிப் போனாள். அன்று வகுப்பில் இருந்த ஏனைய தமிழ்ப் பிள்ளைகளும் அவ்வாறே வந்திருந்தார்கள் என்று மாலையில் சொன்னாள். பின்னாளில் நாட்காட்டிக் குழுவொன்றில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது: வருகைப் பதிவேட்டில் அந்த நாள் எந்த அசைவும் இல்லாத சாதாரண நாளாகவே பதிவாகியிருந்தது. வந்த பிள்ளைகள் வந்தார்கள். வராத சிலருக்குக் காய்ச்சல். வாரியம் எண்ணுவது அந்தப் பதிவேட்டைத்தான். நம் பண்டிகை அதில் இல்லையென்றால் அவர்களைப் பொறுத்தவரை அது ஊரிலேயே இல்லை.

ஆகவே முதற்படியாக, உங்கள் மாவட்டத்தின் வருகைக் கொள்கையைத் தேடி எடுங்கள். மாவட்டத்தின் இணையதளத்தில் மாணவர் கையேட்டிலேயே அது இருக்கும். அதில் சமயப் பண்டிகை விடுப்பு என்ற பிரிவு உண்டா, எத்தனை நாள்கள், எவ்வளவு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று பாருங்கள். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். நியூ ஜெர்சியில் சட்டமே தெளிவாக இருக்கிறது: பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் இருந்தால், சமயப் பண்டிகைக்காக வராத மாணவர் எந்தப் பரிசையும் பரிசுக்குப் போட்டியிடும் தகுதியையும் இழக்கக் கூடாது, தவறவிட்ட தேர்வை வேறொரு நாளில் எழுதும் உரிமை அவருக்கு உண்டு. எந்தெந்தப் பண்டிகைகள் இதில் அடங்கும் என்ற நீண்ட பட்டியலை அம்மாநிலக் கல்வி வாரியம் வெளியிடுகிறது. பள்ளி மாவட்டங்கள் அதனுடன் மேலும் நாள்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் 2025 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம் தீபாவளியை மாநில விடுமுறைப் பட்டியலில் சேர்த்தது. பள்ளிகள் அன்று மூடலாம், ஆனால் மூடியே தீர வேண்டும் என்பதில்லை. பென்சில்வேனியாவிலும் 2024-இல் இயற்றப்பட்ட தீபாவளிச் சட்டம் பள்ளிகளை மூடச் சொல்லவில்லை. 'எங்கள் மாநிலத்தில் தீபாவளி விடுமுறை' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி விடுப்புக் கடிதம் எழுதாமல் இருந்துவிடாதீர்கள் என்று சொல்வதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறேன்.

கடிதம் நான்கு வரிகளில் முடிய வேண்டும். பிள்ளையின் பெயர், வகுப்பு, தேதி. அன்று எங்கள் சமயப் பண்டிகையான தீபாவளியை முன்னிட்டுப் பள்ளிக்கு வர மாட்டாள் என்ற செய்தி. இதைச் சமயப் பண்டிகைக்கான விடுப்பாகப் பதிவு செய்யுமாறு வேண்டுகோள். அன்று தேர்வோ ஒப்படைக்க வேண்டிய பணியோ இருப்பின் மாற்று நாளைத் தெரிவிக்குமாறு ஒரு வரி. பண்டிகையின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். அதன் கதையை எழுத வேண்டியதில்லை. நரகாசுரனை விளக்கும் பத்தி கோரிக்கையை வலுப்படுத்தாது. பெரும்பாலான மாவட்டங்களில் இப்போது வருகைக்கென்று செயலியோ இணையப் படிவமோ உண்டு. அதில் காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'சமயம்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடிதத்தை மின்னஞ்சலாக வகுப்பாசிரியருக்கும் அலுவலகத்துக்கும் ஒருசேர அனுப்புங்கள். இரண்டு வாரங்களுக்கு முன் அனுப்பினால் ஆசிரியருக்குத் தேர்வு நாளை மாற்ற வழி இருக்கும். முந்தைய நாள் இரவு அனுப்பினால் அவரால் செய்யக்கூடியது குறைவு, அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. மறுநாள் பதிவேட்டில் எந்தக் குறியீடு விழுந்திருக்கிறது என்று பார்த்து, தவறாக இருந்தால் அந்த வாரத்திலேயே திருத்தச் சொல்லுங்கள். பல மாநிலங்களில், பள்ளி நாள்களில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ எந்தக் காரணத்தால் வராவிட்டாலும் அந்த மாணவரைத் தொடர்ந்து வராதவர் என்று கணக்கிடுவார்கள். 180 நாளுக்குப் பதினெட்டு நாள். ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் அந்த எல்லைக்கு அருகில்கூட வராது. ஆனால் டிசம்பரில் ஊருக்குப் போய் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்த குடும்பத்துக்கு இது நினைவில் இருக்க வேண்டும்.

பொங்கலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் மாநில அரசுகளிடம் பொங்கலை அறுவடைத் திருநாளாகவும் தமிழரின் பண்பாட்டு நாளாகவும் முன்வைக்கின்றன. அது உண்மையும்கூட, கிறித்தவத் தமிழரும் இஸ்லாமியத் தமிழரும் அப்படித்தான் அதில் பங்குகொள்கிறார்கள். ஆனால் விடுப்புக் கொள்கை 'சமயப் பண்டிகை' என்று மட்டும் சொல்லுமானால், பண்பாட்டு நாள் என்று எழுதிய கடிதம் நிராகரிக்கப்படலாம். வீட்டில் சூரியனுக்குப் படைத்து வழிபடுவோர் அந்த வழிபாட்டைச் சொல்லி எழுதலாம், அதில் பொய் எதுவும் இல்லை. வழிபாடாக அல்லாமல் தமிழர் திருநாளாகக் கொண்டாடுவோர், தங்கள் மாவட்டம் பண்பாட்டு நாள்களையும் ஏற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏற்கவில்லையென்றால், அந்தச் சொல்லைக் கொள்கையில் சேர்க்கக் கோருவதே அவர்கள் எடுத்து நடத்த வேண்டிய முதல் வேலை. ரமலான், பக்ரீத், பெரிய வெள்ளி ஆகியவற்றுக்கு விடுப்புக் கேட்கும் தமிழ்க் குடும்பங்களும் நம்மில் உண்டு. மேலே சொன்ன கடிதம் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். இஸ்லாமியரின் பெருநாள் பிறை பார்த்து முடிவாவதால், அடுத்தடுத்த இரு தேதிகளையும் குறிப்பிட்டு 'இவற்றுள் ஒன்று' என்று எழுதிவிடுவது நல்லது.

இரண்டாம் படி, பள்ளி திறந்திருக்கும், ஆனால் அன்று தேர்வு இல்லை என்ற ஏற்பாடு. விடுமுறை கேட்கக் கூடும் பெற்றோர் பலரும் இதை ஆறுதல் பரிசாக நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். என் கருத்து அதற்கு நேர்மாறானது. பெரும்பாலான ஊர்களில் நாம் கேட்க வேண்டியதும், ஓராண்டுக்குள் பெறக் கூடியதும் இதுதான். பள்ளியை ஒரு நாள் மூடினால் பள்ளியில் மதிய உணவு உண்ணும் பிள்ளைக்கு அந்த உணவு இல்லை. மணிக்கூலிக்கு வேலை செய்யும் தாய் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். தேர்வில்லா நாளில் அந்தச் சுமை யாருக்கும் இல்லை. நம் பிள்ளை எதையும் இழக்காமல் வீட்டில் இருக்கலாம். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டம் 2021-22 கல்வியாண்டுக்குப் பல்வேறு சமயங்களைச் சேர்ந்த பதினைந்து நாள்களை இவ்வாறு குறித்து, அன்று தேர்வும் முக்கிய நிகழ்ச்சிகளும் வைக்கக் கூடாது என்று முடிவெடுத்தது. அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டியில் தீபாவளி உட்படச் சில நாள்கள் முழு விடுமுறையாகவே வந்தன. ஒன்று மற்றொன்றுக்குப் படியாக அமையும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டைக் கோரும்போது சொற்களில் கவனம் வேண்டும். 'ஆசிரியர்கள் கனிவுடன் நடந்துகொள்வார்கள்' என்ற வாக்குறுதியை ஏற்காதீர்கள். ஆசிரியர் மாறினால் அது போய்விடும். தேர்வு கூடாது, புதிய பாடம் தொடங்கக் கூடாது, கல்விச் சுற்றுலா, விளையாட்டு அணித் தேர்வு, பட்டமளிப்பு ஒத்திகை ஆகியவற்றை அன்று வைக்கக் கூடாது, மறுநாள் காலை எதையும் ஒப்படைக்கச் சொல்லக் கூடாது என்று கொள்கையில் எழுதச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பண்டிகை மாலையில் விருந்தினர் நடுவே கட்டுரை எழுதும் பிள்ளைக்கு விடுப்பால் என்ன பயன்? அந்தத் தேதிகள் ஆசிரியர்கள் பயன்படுத்தும் நாட்காட்டியில் கல்வியாண்டு தொடங்கும் முன்பே ஏற்றப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முழு விடுமுறை கேட்பதுதான் மூன்றாம் படி. இங்கே சட்டத்தைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் நாம் மிக இயல்பாகச் சொல்லும் வாதமே நம்மைத் தோற்கடிக்கும். 'கிறிஸ்துமஸுக்கு விடுமுறை விடுகிறீர்கள், எங்கள் பண்டிகைக்கு ஏன் இல்லை?' என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அரசு எந்தச் சமயத்தையும் நிறுவக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். ஒரு சமயத்தைப் பெருமைப்படுத்துவதற்காகப் பள்ளியை மூடுகிறோம் என்று வாரியம் சொன்னால் வழக்குக்கு வழி திறந்துவிடும். பெரிய வெள்ளியை மாநிலம் முழுவதற்கும் பள்ளி விடுமுறையாக்கிய இலினாய் சட்டத்தை எதிர்த்து ஓர் ஆசிரியை தொடுத்த வழக்கில், சமயம் சாராத தகுந்த காரணம் காட்டப்படவில்லை என்று 1995-இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. மேரிலாந்தின் மாண்ட்கமரி மாவட்டத்தைச் சேர்ந்த இன்னோர் ஆசிரியை தொடுத்த வழக்கில், ஈஸ்டரை ஒட்டி வெள்ளி முதல் திங்கள் வரை விடுமுறை விடும் அம்மாநிலச் சட்டத்தை 1999-இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த நாள்களில் பள்ளியைத் திறந்தால் ஆசிரியரும் மாணவரும் பெருமளவில் வர மாட்டார்கள் என்ற காரணம் அங்கே எடுபட்டது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் நம் கோரிக்கையை வைக்க வேண்டும்: அன்று பள்ளி ஒழுங்காக இயங்காது, ஆகவே மூடுங்கள்.

அதே மாண்ட்கமரி மாவட்டம் 2014 நவம்பரில் ஒரு பாடம் கற்பித்தது. யூதப் புத்தாண்டுக்கும் யோம் கிப்பூர் என்னும் யூத நோன்பு நாளுக்கும் பள்ளி மூடுகிறது, பெருநாளுக்கும் அந்த மதிப்பு வேண்டும் என்று இஸ்லாமியப் பெற்றோர் கேட்டனர். பெருநாளன்று வராதோர் எண்ணிக்கை போதுமான அளவு இல்லை என்று கருதிய வாரியம், விடுமுறை தருவதற்குப் பதிலாக, நாட்காட்டியிலிருந்து எல்லாச் சமயப் பண்டிகைகளின் பெயர்களையும் நீக்கியது. நாள்கள் முன்போலவே விடுமுறையாக இருக்க, பெயர்கள் மட்டும் போயின. கேட்டவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை, கேட்காதவர்களுக்கு மனவருத்தம் மிஞ்சியது. ஓராண்டு கழித்து, பெருநாள் விழும் 2016 செப்டம்பர் 12-ஐ மாணவர்கள் வரத் தேவையில்லாத ஆசிரியர் பணிநாளாக வைக்க வாரியம் முடிவு செய்தது. மாணவர் வராத ஆசிரியர் பயிற்சி நாள்கள் எந்த நாட்காட்டியிலும் சில இருக்கும். அவற்றுள் ஒன்றைப் பண்டிகை நாளுக்கு நகர்த்தக் கேட்பது, புதிதாக ஒரு விடுமுறை கேட்பதைவிட எவ்வளவோ எளிது. கல்வியாண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் நீளாது. 180 நாள் கணக்கு உடையாது.

அந்தக் கணக்குதான் வாரியத்தினரின் மனத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் 180 பள்ளி நாள்களைக் கேட்கின்றன; வேறு சில மாநிலங்கள் மணியாகவோ நிமிடமாகவோ கணக்கிடுகின்றன. பனிப்பொழிவுக்கென்று சில நாள்களை ஒதுக்கி, ஆசிரியர் சங்கத்துடன் செய்த ஒப்பந்தத்துக்கு உட்பட்டு, ஜூன் இறுதிக்குள் முடித்தாக வேண்டும். ஆகவே 'ஒரு நாள் தாருங்கள்' என்று மட்டும் கேட்கும் கோரிக்கையில் பாதி இல்லை. எந்த நாளை எடுத்து அந்த இடத்தை நிரப்பலாம் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். நியூயார்க் நகரில் தீபாவளி விடுமுறைக்காக நடந்த நெடிய முயற்சியில், ஜூன் மாதத்தில் புரூக்ளின்-குயின்ஸ் நாள் என்று வழங்கிய பழைய விடுமுறைக்குப் பதிலாகத் தீபாவளியை வைக்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டதும், வெறும் கோரிக்கை கணக்குத் தெரிந்த திட்டமாகத் தோற்றம் பெற்றது. மாநிலச் சட்டமன்றம் 2023 ஜூனில் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அவ்வாண்டு நவம்பர் 14 அன்று கையெழுத்திட்டார். 2024 நவம்பர் 1 அன்று நகரத்தின் அரசுப் பள்ளிகள் முதன்முறையாகத் தீபாவளிக்கு மூடின. அதே நகரில் பெருநாள் விடுமுறைக்கான முயற்சி 2006 சனவரியில், மாநிலத் தேர்வு பக்ரீத் நாளில் வந்ததிலிருந்து தொடங்கியது. நகர மன்றம் 2009-இல் தீர்மானம் நிறைவேற்றியும் அன்றைய மேயர் இசையவில்லை. 2015 செப்டம்பர் 24 அன்றுதான் முதல் விடுமுறை கிடைத்தது. ஒன்பது ஆண்டுகள். தொடங்கியபோது நான்காம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும்.

அந்த 2024 நவம்பர் 1-இல் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் தீபாவளி அக்டோபர் 31. நாம் நரக சதுர்த்தசியின் விடியற்காலையைக் கொண்டாடுகிறோம். வட இந்தியர் அமாவாசை இரவில் இலட்சுமி பூசை செய்கிறார்கள். சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே தேதியில் அமையும், சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளும். வாரியத்தின் முன் இரண்டு குழுக்கள் இரண்டு தேதிகளோடு நின்றால், 'முதலில் உங்களுக்குள் பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள்' என்ற பதில்தான் வரும். ஆகவே விண்ணப்பம் எழுதும் முன்பே குஜராத்தியரோடும் தெலுங்கரோடும் பஞ்சாபியரோடும் உட்கார்ந்து பேசுங்கள். விடுமுறை ஒரு தேதிக்கும், மற்றத் தேதி தேர்வில்லா நாளாகவும் இருக்கட்டும் என்ற உடன்பாட்டை நான் பரிந்துரைப்பேன். நாம் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்பதால் விடுமுறைத் தேதி பெரும்பாலும் அவர்களுடையதாக இருக்கும். விடியற்காலை எண்ணெய்க் குளியலை முடித்துவிட்டுத் தேர்வில்லாத பள்ளிக்குப் பிள்ளை போய் வரலாம். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளின் தேதிகளையும் கிழமைகளையும் பஞ்சாங்கம் பார்த்து அட்டவணையாக இணைத்துக் கொடுங்கள். 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அந்த ஆண்டு யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை என்பதை வாரியமே பார்த்துக்கொள்ளும்.

பொங்கலுக்கு முழு விடுமுறை கேட்க வேண்டாம் என்பதே என் எண்ணம், குறைந்தபட்சம் இப்போதைக்கு. வர்ஜீனியாவின் சட்டமன்றம் சனவரி 14-ஐப் பொங்கல் நாளாகத் தீர்மானத்தால் ஏற்றிருக்கிறது. அது மகிழ்ச்சி தரும் செய்தி, ஆனால் பள்ளி அன்றும் திறந்தே இருக்கும். நான் அறிந்த எந்த மாவட்டத்திலும் தமிழர் மட்டும் ஒரு பள்ளியை வெறுமையாக்கும் எண்ணிக்கையில் இல்லை. ஆனால் கூட்டரசு விடுமுறையான மார்ட்டின் லூதர் கிங் நாள் சனவரியின் மூன்றாம் திங்கட்கிழமையில் வருகிறது. 2027-இல் பொங்கல் சனவரி 15, வெள்ளி. கிங் நாள் 18, திங்கள். இடையே சனியும் ஞாயிறும். அந்த வெள்ளியன்று ஆசிரியர் பயிற்சியை வைத்தால் எல்லோருக்கும் நான்கு நாள் தொடர்ச்சி கிடைக்கும். இப்படிப்பட்ட ஆண்டுகளைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

எண்ணிக்கை திரட்டும் வேலைக்கு ஓராண்டு வேண்டும். கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் தீபாவளி வார நாளில் வந்தபோது ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை மாணவர் வரவில்லை, எத்தனை ஆசிரியர் விடுப்பில் இருந்தார்கள், எத்தனை வகுப்புகளுக்கு மாற்று ஆசிரியர் கிடைக்கவில்லை என்ற விவரத்தை, அதே மாதத்தின் சாதாரண வார நாளோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். தானாகத் தராவிட்டால், பொதுப் பதிவேடுகளைப் பெறும் மாநிலச் சட்டத்தின்படி எழுத்து மூலம் கேட்கலாம். பெயர்கள் இல்லாத தொகை மட்டும் என்பதால் மறுக்க அவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இராது. விழுக்காடு இவ்வளவு இருந்தால் மூட வேண்டும் என்று சட்டம் எந்த எண்ணையும் சொல்லவில்லை, ஆகவே சிறிய எண் வந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வார இறுதித் தமிழ்ப் பள்ளி, கோயில், சங்கம் ஆகியவற்றின் வழியே எல்லாக் குடும்பங்களிடமும் ஒன்றைக் கேளுங்கள்: இந்த ஆண்டு பிள்ளையை வீட்டில் நிறுத்துவதானால், காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். நிறுத்தவே வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். எண்ணிக்கைக்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதிருக்கச் சொல்வது சரியல்ல. அது தெரியவந்தால் உண்மையான எண்ணும் ஐயத்துக்குள்ளாகும்.

வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரம் ஒருவருக்குப் பெரும்பாலும் மூன்று நிமிடம். முன்பே பெயர் பதிய வேண்டுமா என்று பாருங்கள். பேசியதும் பதில் வராது. உறுப்பினர்கள் அமைதியாகக் கேட்டுவிட்டு அடுத்தவரை அழைப்பார்கள், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்துப் பேர் ஒரே உரையைப் படிப்பதைவிட, ஒரு மாணவி தான் தவறவிட்ட தேர்வைப் பற்றியும், ஓர் ஆசிரியர் மாற்று ஆள் கிடைக்காத நாளைப் பற்றியும், வேறு சமயத்தைச் சேர்ந்த ஒரு பெற்றோர் நம் கோரிக்கையை ஆதரித்தும் பேசுவது பயன் தரும். மூன்றாமவர் கிடைக்க வேண்டுமானால் அவர்களுடைய பெருநாளுக்கும் சந்திரப் புத்தாண்டுக்கும் கோரிக்கை வரும்போது நாம் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அறிந்த தமிழ்க் குடும்பங்களில் இதைச் செய்தவர்கள் மிகச் சிலர். செய்தவர்களின் ஊரில் வேலை விரைவாக நடந்தது.

உண்மையான முடிவு கூட்டத்துக்கு முன்பே, பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட் அமைக்கும் நாட்காட்டிக் குழுவில் உருவாகிவிடுகிறது. அதில் பெற்றோருக்கு ஓரிரு இடங்கள் இருக்கும். பல ஊர்களில் அவை நிரம்புவதே இல்லை. பல மாவட்டங்கள் அடுத்த கல்வியாண்டின் வரைவை இலையுதிர்காலத்துக்கும் மார்ச்சுக்கும் இடையில் முடித்துவிடுகின்றன, சில மாவட்டங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே முடிக்கின்றன. அக்டோபரில் பண்டிகை முடிந்த மனவருத்தத்தோடு பேசப் போனால், நீங்கள் பேசுவது அந்த ஆண்டைப் பற்றி, அவர்கள் முடிவெடுத்துக்கொண்டிருப்பது அடுத்ததைப் பற்றி. எனவே பள்ளி திறக்கும் மாதத்திலேயே அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எந்த ஆண்டின் நாட்காட்டி இப்போது வரைவில் இருக்கிறது, குழு எப்போது கூடுகிறது, அதில் சேர யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.